அம்சவல்லி வாங்கிய பாண்டுப் பத்திரம்

அம்சவல்லி யாருக்கும் அடங்காதவள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். எருமைக்கு அடங்குவாள். ஒருமுறை முறைக்காய்ச்சலுக்கு அடங்கியிருக்கிறாள். மனிதர்களுக்கு அடங்கியதாகத்தான் தகவல் இல்லை.

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, ஒரு வாய்க்காலை ஒட்டிய கூலிக்காரத் தெருவில் அவள் வீடு. நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைத் திரட்டிப் போகிறவள் அவள்தான். அவள் வரப்பில் கால் வைக்காமல் தெருவில் ஒரு பெண்ணும் வயலில் இறங்கமாட்டாள். புருசன் வீரையன் இளையபெருமாள் பண்ணையில் ஆளாக இருந்தான். அவன் பண்ணையாரை 'ஆண்டே' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே இவள் 'ஐயா'வோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் மரியாதை வேண்டுமென்றால் கோயிலுக்குப் போகட்டும் என்பது அவள் கட்சி.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஊர் முனையில் கறுப்பு சிவப்புக் கொடியும் செங்கொடியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு பறந்தன. நில உச்சவரம்புச் சட்டத்தில் இளையபெருமாளின் நிலத்தில் ஒரு பகுதியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஈடாகக் கொஞ்சம் ரொக்கம், மீதிக்குப் பாண்டுப் பத்திரங்கள். 'உனக்கு இவ்வளவு கடன்பட்டிருக்கிறேன், வருசா வருசம் வட்டி தருவேன், தவணை முடிந்ததும் முதலைத் தருவேன்' என்று சர்க்கார் எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. பண்ணையாருக்கு அதைக் கண்டாலே குமட்டியது.

"இதுல நாத்து விட முடியுமா? ஏர் பூட்ட முடியுமா?" என்று வருவோர் போவோரிடமெல்லாம் புலம்பினார். நிலம் போன கோபத்தில் நிலத்தின் விலையையும் சேர்த்து வெறுத்தார். அந்தப் பக்கத்துப் பெரிய மனிதர்கள் பலர் இதே தப்பைத்தான் செய்தார்கள்.

அந்த வருசம் அம்சவல்லி இரண்டு எருமைகளை விற்றிருந்தாள். அவளுக்கு ஒரே ஆசை, சொந்தமாக ஒரு துண்டு நிலம். இளையபெருமாளிடம் போய் வாய்க்கால் ஓரத்து மூலையைக் கேட்டாள். அவர் சிரித்தார்.

"உனக்கு நிலம் வித்தா, நாளைக்கு என் வயல்ல எவ அறுப்பா?"

ஊரில் வேறு இரண்டு பேரிடம் கேட்டாள். ஒருவர் சிரித்தார், ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார்.

பண்ணையார் மகளுக்குக் கல்யாணம் வந்தது. ரொக்கம் முடை. பாண்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு லேவாதேவிக்காரர்களிடம் அலைந்தார். பத்திரத்தில் போட்டிருந்த தொகையில் பாதிகூடத் தர ஆளில்லை. செய்தி வீரையன் வழியாக அம்சவல்லி காதுக்கு வந்தது. மறுநாள் காலையில் முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு பண்ணை வாசலில் நின்றாள்.

"ஆயிரம் ரூவா பத்திரம் ஒண்ணு குடுங்க ஐயா. ஐந்நூறு தர்றேன்."

"கூலிக்காரிக்குக் காகிதம் எதுக்குடி?"

"நிலத்தத்தான் எனக்கு விக்க மாட்டேன்னீங்க. நிலத்துக்கு வந்த விலையவாவது விக்கலாம்ல?"

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் பந்தல்காரன் வேறு முன்பணத்துக்கு வாசலில் நின்றான். விற்றார்.

இருவரும் தஞ்சாவூர் கஜானா ஆபீசுக்குப் போனார்கள். பத்திரத்தின் முதுகில் அவர் எழுதிக் கொடுக்க, அவள் பேர் பதிவாயிற்று. அங்கே குமாஸ்தா அருள்சாமி, பூண்டிப் பக்கத்துக் கிறிஸ்தவர், பயந்த சுபாவம். பண்ணையார் போனபின், அவளை உட்காரச் சொல்லி விளக்கினார்.

"நீங்க என்ன விலைக்கு வாங்கினாலும் வட்டி ஆயிரத்துக்குத்தாம்மா. வருசம் அம்பத்தஞ்சு, தை மாசத்துல வரும். நீங்க போட்டது ஐந்நூறு, அதனால உங்களுக்கு நூத்துக்குப் பதினொண்ணு விழுது. ஆனா தவணை முடியற வரைக்கும் மொதல் வராது. நடுவுல விக்கணும்னா எவன் என்ன குடுக்கறானோ அதான் விலை. பேங்குல போட்டிருந்தா கேட்டப்ப எடுத்திருக்கலாம்."

"வெலவாசி ஏறுனா வட்டியும் ஏறுமா?"

"ஏறாது. அம்பத்தஞ்சு அம்பத்தஞ்சுதான்."

"அதென்ன நியாயம்? அரிசி மட்டும் ஏறுது!" என்று அவரிடமே சண்டைக்குப் போனாள். அருள்சாமி, சட்டத்தைத் தான் போடவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

வீடு திரும்பியதும் வீரையன் தலையில் அடித்துக்கொண்டான். "எருமைய வித்துக் காகிதத்த வாங்கியாந்திருக்கியே, இது பால் குடுக்குமா?"

"வருசத்துக்கு ஒரு வாட்டி குடுக்கும். வைக்கோல் கேக்காது, போய்யா."

இரண்டு தை போயிற்று. வட்டியும் சொன்னபடி வந்தது. மூன்றாவது தையில்தான் வினை வந்தது.

சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. அறுப்புக் கூலியில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டுச் செங்கொடிச் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. இளையபெருமாள் ஒரு படிகூடக் கூட்டமாட்டேன் என்றார். அறுப்பில்லை, அதனால் தெருவில் நெல்லும் இல்லை. முதலில் பானையடியில் கிடந்த பழைய நெல்லைக் குத்தித் தின்றார்கள். பிறகு ஆட்டை விற்றார்கள். பிறகு வாய்க்கால் நண்டும் கீரையும். அம்சவல்லியின் மகள் பொன்னுத்தாய் பசியில் அழுவதைக்கூட விட்டுவிட்டு முடங்கிப் படுத்தாள்.

பண்ணைக் காரியக்காரர் துரைராசு ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா பத்திரத்தத் திருப்பி வாங்கிக்கிறாராம். போட்ட பணத்துக்கு மேல நூறு. திங்கக்கெழம நீ பொம்பளைகளோட பழைய கூலிக்கே களத்துக்கு வந்துரணும். அவ்வளவுதான்."

வீரையன் அவளைக் கெஞ்சுவதுபோல் பார்த்தான். "குடுத்துரு புள்ள. குழந்தயப் பாரு."

"குழந்தயப் பாத்துத்தான்யா குடுக்கல. இப்ப வளைஞ்சா, நாளைக்கு அவளும் இதே கூலிக்கு வளையணும்."

துரைராசுவிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றதும் வழியைக் காட்டினாள்.

வட்டி நாள் வந்தது. பஸ்ஸுக்குக் காசில்லை. விடியுமுன்னே நடந்து புறப்பட்டு, தஞ்சாவூர் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கஜானா ஜன்னலில் நாலைந்து பேர்தான். நின்றாள். அவள் முறை வந்த நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால், இளையபெருமாள். மீதிப் பத்திரங்களுக்கு வட்டி வாங்க வந்திருந்தார். அறுப்புக்கு வெளியூர் ஆட்களை ஏற்றிவர லாரிக்கு முன்பணம் கொடுக்க வேண்டியிருந்தது அவருக்கு. அவள் கஞ்சிக்கு வந்தாள், அவர் அந்தக் கஞ்சியில் மண் போட வந்தார். இரண்டுக்கும் காசு ஒரே ஜன்னலில்.

சேவகன் ஓடிவந்தான். "ஏம்மா, தள்ளி நில்லு. ஐயா போகட்டும்."

அவள் நகரவில்லை. இளையபெருமாள் குரலைத் தணித்தார்.

"ஆயிரம் தர்றேன் அம்சவல்லி. முழு ஆயிரம். வட்டிய வாங்குனதும் இங்கியே எண்ணி வெச்சுடறேன். திங்கக்கெழம மட்டும் வந்துரு."

இரண்டு எருமைக்கு நாலு எருமை. பொன்னுத்தாய்க்கு இன்று ராத்திரியே சோறு. அவளுக்கு ஆசை வராமல் இல்லை. பிறகு தெருவில் அவளை நம்பி வயிற்றைக் கட்டியிருக்கும் மற்றப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள்.

"தவணை முடிஞ்சா அந்த ஆயிரத்த சர்க்காரே குடுக்கும்ங்க. கூடவே களத்துக்கு வான்னு கூப்புடாது."

"திமிரு."

"ஆமாங்க. வரிசைல நில்லுங்க."

உள்ளே அருள்சாமி யாரை முதலில் கூப்பிடுவதென்று தெரியாமல் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்சவல்லி அவருக்கு அந்தச் சிரமம் வைக்கவில்லை. கம்பிக்குள் கையை நுழைத்துப் பத்திரத்தை மேசைமேல் வைத்தாள். "சீக்கிரம் பாருங்க சார், கடை சாத்திருவான்."

அவர் பதிவேட்டைத் திறந்தார். அவள் கட்டைவிரலை மையில் அழுத்தி ரேகை வைத்தாள். பணத்தை வாங்கி ஜன்னலோரமே நின்று இரண்டுமுறை எண்ணி, பிறகு அரிசிக்கடைக்கு நடந்தாள்.

அன்று மாலை வண்டியொன்றில் கெஞ்சி ஏறி, அரிசியோடு வந்திறங்கினாள். தெருவின் நடுவில் பெரிய அண்டா ஏறியது. சங்கம் தஞ்சாவூரிலிருந்து இன்னும் மூட்டைகள் அனுப்பும்வரை அந்தக் கஞ்சி தாக்குப்பிடித்தது. வெளியூர் லாரி ஊர் எல்லையில் பெண்கள் மறியலைப் பார்த்துத் திரும்பிப் போயிற்று. கதிர் உதிரத் தொடங்கியதும் இளையபெருமாள் பேச்சுக்கு வந்தார். அரை மரக்கால் கூடியது.

வெற்றி சங்கத்துக்கு என்று சங்கத்தார் சொன்னார்கள், ஆட்சிக்கு என்று கட்சிக்காரர்கள் சொன்னார்கள். அம்சவல்லி மறுக்கவில்லை. நடவு வயலில் பெண்கள் சுற்றி நின்று, "கஜானாவுல பண்ணையாரு அப்புறம் என்னதான் பண்ணாரு அக்கா?" என்று கேட்டால் மட்டும் நிமிர்ந்து நிற்பாள்.

"என்ன பண்ணுவாரு? எடுத்த எடுப்புல மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. அப்பறம் என் ரேகைக்குக் கீழ கையெழுத்துப் போட்டாரு."