பஞ்சர் தொட்டியில் கிரகணம்

குமணன்சாவடியில் எங்கள் பஸ் பஞ்சராகி நிற்கிறது. கிரகணம் விடும்வரை டீ கிடையாது என்று கடைக்காரர் பாய்லரை அணைத்துவிட்டார். இருப்புக்கொள்ளாமல் நடந்துபோய், பஞ்சர் கடைத் தொட்டியை எட்டிப் பார்க்கிறேன். கறுத்த தண்ணீரில், ஓரம் கடித்த அப்பளம்போலச் சூரியன். என் ஃபிலிமில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் பாக்கி. தண்ணீரோ அடங்குவேனா என்கிறது.

"சீக்கிரம் புடி சார், டியூபை முக்கணும். டிரைவர் கத்திகினு கீறாரு," என்கிறார் பஞ்சர் கடைக்காரர்.

பையிலிருந்த பத்திரிகைத் துண்டைக் காட்டுகிறேன். விண்வெளியிலிருந்து வீரர்கள் எடுத்த கிரகணப் படம். சூரியனைச் சுற்றிக் கிரகங்களும் நட்சத்திரங்களும்.

"அவங்களுக்கு இப்படி ஆடுற தண்ணி இல்லையே," என்கிறேன்.

"அவங்கோ ராக்கெட்டுல போய்க்கினே புடிச்சாங்கோ. நீ நின்னுகினு புடிக்க மாட்டேங்குறியே!"

டியூபை முக்குகிறார். சூரியன் உடைகிறது. ஓட்டையிலிருந்து குமிழிகள் கிளம்பி, ஆளுக்கொரு குட்டிச் சூரியனைச் சுமந்துகொண்டு தொட்டி முழுக்கப் பரவுகின்றன.

"இன்னா சார், நட்சத்திரம் போதுமா?"

வாய் பிளந்து பார்க்கிறேன். அவர் ஓட்டையின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறார். கடைசிக் குமிழியும் அணைகிறது.

ஃபிலிமில் அந்த ஓரிடம் இன்னும் அப்படியே பாக்கி.