ஜூக்பாக்ஸின் பழைய சோக்

நேர்மையான ஓர் எலக்ட்ரீஷியனை, சீசனுக்கு வந்த கூட்டத்தின் முன்னால் நான் திருடன் என்றேன்.

குற்றாலத்தில் என் லாட்ஜில் காசு போட்டால் பாடும் பழைய ஜூக்பாக்ஸ் ஒன்று உண்டு. அதன் டியூப்லைட் மினுக்கி மினுக்கி உயிரை வாங்கியது. மூன்று ஸ்டார்ட்டர் மாற்றியும் அடங்கவில்லை. பாவூர்சத்திரம் முத்தையா வந்து, வயரையெல்லாம் மாற்றி எல்.இ.டி. டியூப் போட்டார். எரிந்தது. ஆனால் உள்ளே, செம்புக்கம்பி சுற்றிய கனமான பழைய சோக்கைக் காணோம்.

“சோக்கு எங்கலே?”

“கழட்டிட்டேன் அண்ணாச்சி. புது டியூப்புக்கு அது தேவையில்ல.”

“செம்புக்கம்பிக்காகக் களவாண்டுட்டுக் கதையா சொல்லுதே?”

மேற்கொண்டு அவரைப் பேசவே விடவில்லை.

மறுநாள் ஜூக்பாக்ஸைத் துடைக்கும்போது பார்த்தால், அதன் அடித்தட்டிலேயே சோக்கைத் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்.

அவர் கடைக்கே போய், நாலு பேர் கேட்க மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க அண்ணாச்சி, டீ குடிக்கியளா?” என்றார்.

இப்போதும் கூப்பிட்டால் வருகிறார். வேலை முடிந்ததும் பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்புகிறார். எத்தனை முறை வேண்டாமென்றாலும் கேட்பதில்லை.