தில்லியின் பங்குச் சுவர்

பேரிடரில் இடிந்தவற்றை மீண்டும் எழுப்பப் பொருள் தரும் கடமை நடுவணரசுக்கு உண்டு என்பதைப் பலர் நூல்களாக எழுதியுள்ளனர். அதனை ஒற்றைச் சுவரால் உணர்த்திய ஓர் அம்மையாரைப் பற்றி எவரும் எழுதாமையால் இதனை எழுதலானேன்.

தென்பெண்ணை வெள்ளம் வடிந்து பல வாரங்கள் கடந்தபின், சிதைவுகளைப் பார்வையிடத் தில்லியிலிருந்து ஒரு குழு திருக்கோவிலூர்ப் பக்கம் வந்தது. பெயர்த்துரைக்க என்னை அழைத்திருந்தனர். கரும்பு வெட்டும் தொழிலாளியான அவ்வம்மையார் நெடிய உருவினர். பேசுமுன் சிரித்துவிடும் இயல்பினர். அவர் வீட்டின் மூன்று சுவர்கள் புதியனவாய் நின்றன. நான்காம் பக்கத்தில் சேலையொன்று தொங்கியது.

"இதனை மட்டும் ஏன் கட்டவில்லை?" என்று குழுத்தலைவர் வினவினார்.

"ஒண்ணு நான் வெச்சேன். ஒண்ணு சொந்தக்காரங்க வெச்சாங்க. ஒண்ணு மெட்ராஸ் கவர்மெண்டு துட்டு. இது தில்லிக்காரங்க பங்குங்க, சார். இத்தையும் நானே கட்டிட்டா, இங்க ஒண்ணும் இடியலன்னு எழுதிக்கினு பூடுவீங்க!"

அண்டை வீட்டுப் பெண் இடைமறித்தார்: "யக்கா, நாயி பூந்து சோத்தத் துன்னுது. இன்னும் தில்லிக்குக் காத்துகினு கீறியே!"

"நாயாவது டெய்லி வருது. இவங்க இன்னிக்குத்தான வந்துகிறாங்க!"

வழுவாது பெயர்த்தேன். குழுத்தலைவர் வாய்விட்டுச் சிரித்து, "எங்கள் பங்கைக் குறித்துக்கொண்டேன்" என்றார்.

"குறிச்சிக்கினா மழை நிக்குமா சார்? ஐப்பசிக்குள்ள செங்கல் வரணும்."

அடுத்து வந்த ஆடித் திங்களில் அவ்வழி சென்றேன். சுவர் எழவில்லை, அவர் சிரிப்பிலும் குறைவில்லை. அதன்பின் சுவர் எழுந்திருப்பின், அறிந்தோர் எனக்கு எழுதுக. இக்கட்டுரையில் திருத்தப்பட நான் மிக விரும்பும் பிழை, 'சுவர் எழவில்லை' என்னும் அவ்வரியே.