ஆறு படித் தம்பி

போன வாரம் திண்டிவனத்தில் பேத்தி வீட்டில் இருந்தேன். கேக் செய்கிறேன் என்று போனை வைத்துக்கொண்டு நின்றவள், அதில் எல்லாம் கப் கணக்கில் இருக்கிறது, எத்தனை கிராம் என்று தெரியவில்லை என்றாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு தராசு வைத்திருக்கிறாள். அதில் ஒரு கப் மாவை வைத்தாள், அதே கப்பில் சர்க்கரையை வைத்தாள். “பாரு ஆயா, கப்பு ஒண்ணுதான், வெயிட்டு வேற வேற” என்றாள். எனக்கு எழுத்தும் தெரியாது, அதில் மின்னுகிற எண்ணும் தெரியாது. ஆனால் இந்தக் கணக்கு தெரியும். தோலோடு மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, ஒரு படி பஞ்சு மாதிரி இருக்கும். அதே படியில் அரிசி ஒன்றரைக் கிலோ நிற்கும். அப்பா சொன்னது.

அவர் அதைக் கேட்டு வந்தது தம்பிக்காக. அவன் இருந்திருந்தால் அவனுக்கும் இன்றைக்குக் கேக் செய்கிற பேத்தி இருந்திருப்பாள்.

தம்பி நடக்கப் பழகிய வருஷம் ஐப்பசியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பிழைத்தால் எடைக்கு எடை பச்சரிசி கொட்டுகிறேன் என்று அம்மா மலைக்கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள். காய்ச்சல் விட்டது. பிள்ளை எவ்வளவு எடை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கூட்டேரிப்பட்டு மண்டியில் மல்லாட்டை மூட்டை நிறுக்கிற தராசில் அவனை உட்கார வைத்தார்கள். மண்டிக்காரர், “இந்த மூட்டைய எனக்கே குடுத்துடும்மா” என்றார். அம்மா வெடுக்கென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அவர் சிரித்துக்கொண்டே கிலோவைப் படியாக்கிச் சொன்னார். ஆறு படி.

அன்றிலிருந்து வீட்டில் கேப்பைக் கூழ்தான். அரிசி கிடைக்கிற நாளெல்லாம் அது பானைக்குள் போகும். நான் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். எப்போது நிறையும், எப்போது நமக்குச் சோறு பொங்குவார்கள் என்பதுதான் என் கவலை. தம்பியைப் பற்றி யார் கேட்டாலும், “தேறிக்கினு வர்றான்” என்பாள் அம்மா.

பங்குனியில் ஆறு படியும் சேர்ந்தது, பையில் கட்டிக்கொண்டு மலை ஏறினோம். பாதி வழி என் இடுப்பில்தான் தம்பி. கோயில் தராசில் ஒரு தட்டில் அவனை வைத்து, மறு தட்டில் அம்மா அரிசியைக் கொட்டினாள். பை காலியாகவில்லை. அதற்குள் தம்பியின் தட்டு மேலே ஏறிவிட்டது.

“போதும்மா, சரியாயிடுச்சி” என்றார் கோயில்காரர்.

அம்மா நகரவில்லை. “எம் புள்ள ஆறு படி சாமி. நல்லாப் பாருங்க.”

“தராசு பொய் சொல்லாதும்மா.”

அவள் மிச்ச அரிசியையும் அதே தட்டில் கொட்டினாள். தம்பி அந்தரத்தில் ஆடிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கோ அரிசி போகிறதே என்றுதான் இருந்தது. ஒரு படிக்கு மேலேயே இருக்கும், வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் எல்லாருக்கும் சோறு.

இறங்கும்போது அம்மா காலிப் பையோடு பின்னால் வந்தாள். தம்பியை நானே தூக்கிக்கொண்டேன். வழியில் அப்பா, “குடு கண்ணு, கை வலிக்கும்” என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. ஐப்பசிக்கு முன்னால் அவனைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். அன்றைக்கு மலையே இறங்கிவிட்டேன், கொஞ்சமும் கனக்கவில்லை.

கூழ் குடித்தே எனக்கு இவ்வளவு பலம் வந்துவிட்டது என்று, அடிவாரம் வரைக்கும் ஒரே சந்தோஷம் எனக்கு.