இருபத்தைந்தாவது மிஷின்

ஷப்ரீன் அக்காவிடம் யார் வந்து விலை கேட்டாலும், அவர் பதிலுக்குக் கேட்கும் முதல் கேள்வி, "எத்தினி மிஷினு?" என்பதுதான். உத்திரமேரூர் பஜாரில் அவருடைய கடையில் ஐந்து வருஷம் டைப் அடித்தவள் நான். அந்தக் கேள்வி காதில் விழாத நாள் எனக்கு நினைவில்லை. போன ஆவணியில் அவர் இறந்துபோனார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. இன்னமும் கடைக்குப் போன் வருகிறது. எடுத்தால், "அக்கா கீறாங்களா?" என்கிறார்கள். தெரியாதவர்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடை அவருடைய அத்தா, அதாவது அப்பா, அத்தாவுல்லா பாய் வைத்திருந்த இரும்புக் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், மண்வெட்டி. ஷப்ரீன் அக்கா காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் படித்து, கல்யாணமாகி ஆம்பூருக்குப் போய், இரண்டு வருஷத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவர். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. கடையின் பாதியை அத்தா அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார். ஒரு பக்கம் ஆணி எடை போடும் சத்தம், இன்னொரு பக்கம் பிரிண்டர் சத்தம். நடுவில் ஒரு பிளைவுட் தட்டி.

கம்ப்யூட்டர் ரிப்பேரோடு அவர் விற்றது ஒரு மென்பொருள். சென்னைக் கம்பெனி ஒன்று தயாரித்தது. வைரஸைத் தடுப்பது அதன் பாதி வேலைதான். கம்ப்யூட்டருக்குள் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது, எது பழசாகி அடைக்கப்படாமல் கிடக்கிறது என்று அது தேடிப் பார்த்து, சிவப்பிலும் பச்சையிலும் காட்டும். அதன் பெயர் யார் வாயிலும் நுழையாததால், "ஓட்டை பாக்கற சிடி" என்றே ஊரில் பெயராகிவிட்டது.

விற்பது சுலபமாக இல்லை. காரணம் விலை போடும் முறை. ஒரு மிஷினுக்கு ஒரு லைசென்ஸ். அதுவும் ஒரு வருஷத்துக்குத்தான். வாலாஜாபாத்தில் ரைஸ்மில் வைத்திருந்த கன்னியப்பன் இதைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"ஒரு சிடிய வாங்கி எல்லாத்துலயும் போட்டா இன்னாம்மா? சிடி தேஞ்சா பூடும்?"

"ஒரே டிக்கெட்ட வெச்சிக்கினு உங்க வூட்ல அஞ்சு பேரும் பஸ்ல ஏறுவீங்களாண்ணா?"

"கண்டக்டரு தெரிஞ்சவனா இருந்தா ஏறுவோம்."

"இந்தக் கண்டக்டரு பேஜார் புடிச்சவன். மெட்ராஸ்ல குந்திக்கினு எண்ணிக்கினே இருப்பான்."

"செரி, அதுக்குன்னு வருஷா வருஷமா? காசு குடுத்து வாங்கனா அது நம்முது இல்லியா?"

"எடைமேடை உங்குளுதுதானேண்ணா? அதுக்கு ஏன் வருஷா வருஷம் ஆளக் கூப்ட்டு முத்திரை வெக்கிறீங்க?"

கன்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாங்குவதற்குச் சம்மதம் என்று நாங்கள் அதை எடுத்துக்கொண்டோம்.

இது நடந்தது 2006ஆம் வருஷம். தனியாக ஒரு மிஷினுக்கு வாங்கினால் ஆயிரத்து எண்ணூறு. பத்துக்கு மேல் என்றால் ஆயிரத்து முன்னூறு. இருபத்தைந்து சேர்ந்தால் தொள்ளாயிரம். எங்கள் பக்கத்தில் யாரிடமும் இருபத்தைந்து கம்ப்யூட்டர் கிடையாது. கன்னியப்பனிடம் சில, சாலவாக்கம் உரக்கடையில் இரண்டு, ஒரு ஆஸ்பத்திரியில் சில, இன்னொரு மில், ஒரு பள்ளிக்கூடம். எல்லாரையும் சேர்த்து ஒரே கொத்தாக எழுதிக்கொள்ளலாமா என்று அக்கா கம்பெனியிடம் கேட்டார். சரி என்றார்கள், ஒரு நிபந்தனையோடு. அக்டோபர் முடிவதற்குள் இருபத்தைந்து மிஷினிலும் ஏற்றி, ஒவ்வொன்றும் உயிரோடு ஓடுவதை அவர்களுடைய கம்ப்யூட்டர் இன்டர்நெட் வழியாகப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மொத்தத்துக்கும் ஆயிரத்து முன்னூறு விலைதான். எங்கள் கடையின் இரண்டு மிஷின்களுக்கு இலவசமாகக் கொடுத்திருந்ததால் கடை பேரில் எந்த மிஷினும் கணக்கில் சேராது.

இருபத்தைந்து தேறுமா என்று முதலில் எண்ணித் தெரிந்துகொள்ள வேண்டும். அதில்தான் சிக்கல். மிஷினுக்கு இவ்வளவு என்று தெரிந்த பிறகு எந்த முதலாளியும் உண்மையான எண்ணிக்கையைச் சொல்வதில்லை. ஆறு இருந்தால் நாலு என்பார்கள்.

அதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தார். ஆயுத பூஜையன்று ஒவ்வொரு வாடிக்கையாளர் இடத்துக்கும் ஸ்கூட்டியில் போவார். பொரி வாங்க வரச்சொல்லி எல்லாருமே கூப்பிடுவார்கள். அன்று மில்லில் மோட்டார், பெல்ட், ஸ்பானர், சைக்கிள், கால்குலேட்டர் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பார்கள். லைசென்சுக்குப் பயந்து கம்ப்யூட்டரை மறைக்கிறவர்கூட அதைப் பொட்டு வைக்காமல் விடமாட்டார். "இன்னிக்கு மட்டும் பொய் சொல்ல மாட்டாங்க வளரு" என்பார் அக்கா என்னிடம். உள்ளே போய், கும்பிடுகிறவர்களுக்குப் பின்னால் ஓரமாக நின்று, பொட்டுகளை எண்ணிக்கொண்டு வருவார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை ரம்ஜான் மாதத்தில் வந்தது. அக்கா நோன்பு. பொரியையும் கடலையையும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வந்து, நோன்பு திறந்த பிறகு கஞ்சியோடு சேர்த்துச் சாப்பிட்டார். கன்னியப்பன் மில்லிலிருந்து மட்டும் இரண்டு பொட்டலம். ஒன்று அக்காவுக்கு, ஒன்று அக்காவின் அம்மா அமீனா பீவிக்கு. சாப்பிட்டுக்கொண்டே விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்தார். கன்னியப்பன் நாலு என்று சொல்லியிருந்த இடத்தில் ஐந்து பொட்டு. எல்லாம் சேர்த்தால் சரியாக இருபத்தைந்து.

மறுநாளே கம்பெனிக்குச் சொல்லி, எல்லாருக்கும் போன் போட்டு, மிஷினுக்குத் தொள்ளாயிரம் என்று விலை சொல்லிவிட்டார். விலை குறைந்ததில் கன்னியப்பனும் ஐந்துக்கு ஒத்துக்கொண்டார்.

இங்கே அத்தாவுல்லா பாயின் கடை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அவர் காலையில் ஒருவருக்கு ஆணி விலை சொல்லி, மத்தியானம் லாரியில் வந்த சரக்கு விலை ஏறியிருந்தாலும், சொன்ன விலைக்குத்தான் கொடுப்பார். நஷ்டம் வந்தால் தன் தலையில். தட்டிக்கு இந்தப் பக்கமும் அதே வழக்கம்தான். ஆகவே இருபத்தைந்தில் ஒன்று குறைந்தால் மேலே ஏறும் பணம் முழுவதும் அக்காவுடையது. கடையின் அவர் பாதியில் அத்தனை பணம் இல்லை. கம்ப்யூட்டர்களை விற்றுவிட்டுத் தட்டியைக் கழற்ற வேண்டியதுதான். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

மாதக் கடைசியில், ரம்ஜான் முடிந்த மறுநாள், மற்ற இடங்களையெல்லாம் முடித்துவிட்டு அக்கா கன்னியப்பன் மில்லுக்குப் போனார். நாலு மிஷினில் ஏற்றி முடித்துவிட்டு, ஐந்தாவது எங்கே என்று கேட்டிருக்கிறார். கணக்குப் பார்க்கும் சுலோச்சனா, கன்னியப்பனின் மனைவி, ஒரு மூலையில் பூப்போட்ட துணியால் மூடியிருந்ததைக் காட்டினார். துணியை எடுத்தால் நெற்றியில் காய்ந்த குங்குமத்தோடு ஒரு பழைய கம்ப்யூட்டர்.

"இது ஓடாதும்மா. மூணு வருஷமாச்சு. மொத மொதல்ல வாங்கனது, தூக்கிப் போட மனசு வர்ல. வருஷத்துக்கு ஒரு தபா பொட்டு வெச்சி மூடி வெச்சிடுவேன்."

அக்கா கடைக்கு வந்து இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுவர் ஆணியில் மாட்டப்போன ஸ்கூட்டி சாவி கீழே விழுந்தது.

அடுத்த இரண்டு நாளில் இன்னும் ஒரே ஒரு மிஷினுக்காக அக்கா கேட்காத இடமில்லை. போட்டோ ஸ்டுடியோக்காரர், ஐம்பது ரூபாய்க்குத் திருட்டு சிடி கிடைக்கும்போது இது எதற்கு என்றார். கம்பெனியின் ஏரியா ஆள் முத்துகிருஷ்ணன் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"மேடம், இதுக்கா கவலப்படறீங்க? கடையில ஒரு பழைய மிஷினு இருந்தா அத்த அந்த மில்லு பேர்ல ஏத்தி உட்ருங்க. அஞ்சுக்கும் அவருகிட்ட காசு வாங்கிக்குங்க. அவருதான் அஞ்சுக்கு ஒத்துக்கினாரே."

"செத்துப்போன மிஷினுக்கா காசு வாங்கச் சொல்றீங்க?"

"அவருக்குத் தெரியவா போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்று அக்கா போனை வைத்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "பொட்ட நம்பனது என் தப்புதான் வளரு. ஓடாததுக்குகூட வெக்கிறாங்க" என்றார்.

எங்கள் கடையிலும் என் மிஷினுக்கு நான் ஆயுத பூஜையன்று பொட்டு வைப்பேன். "உன் மிஷினுக்கு நீ வெச்சிக்கோ" என்று அக்கா சொல்லியிருந்தார். பக்கத்திலேயே இருக்கும் அவருடைய மிஷினுக்குக் கிடையாது. அதைப் பார்த்துக்கொண்டே, பேச்சுக்குத்தான் சொன்னேன்.

"பொட்ட வெச்சு எண்ணனா உன் மிஷினே கணக்குல வராதேக்கா."

அக்கா என் மிஷினையும் தன் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புர்காவை மாட்டிக்கொண்டு, "கௌம்பு, மில்லுக்குப் போலாம்" என்றார்.

கன்னியப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். "இன்னாம்மா, ஜோடியா வந்துக்கீறீங்க?"

"ஒண்ணு சொல்ல வந்தேண்ணா. உங்களுக்கு நாலுக்குத்தான் காசு. அஞ்சாவது ஓடலை."

"அட, காசு வேணான்னு சொல்றதுக்கா பெட்ரோல் போட்டுக்கினு வந்த?"

"இன்னொண்ணும் கேக்கணும். பூஜையன்னிக்குப் பொட்டு வெக்காம எதனா மிஷினு உட்டுப்போச்சா?"

கன்னியப்பனுக்குக் கோபமே வந்துவிட்டது. "இன்னா பேசற? எங்க மில்லுல ஒரு திருப்புளிக்குகூட உடாம வெச்சோம்."

உள்ளிருந்து சுலோச்சனாவின் குரல் வந்தது. "எங்க வெச்சீங்க? எடைமேடை ரூம்ல வெக்கவே இல்ல. சொர்ணவாரி அறுவடை நெல்லு வண்டி மில்லு கேட்டு வரிக்கும் நின்னுக்கினு இருந்துச்சு. வண்டி போவட்டும், எடையெல்லாம் முடிச்சிட்டு வெக்கலாம்னு சொன்னீங்க. அப்பறம் மறந்தே பூட்டீங்க."

"அது கம்ப்யூட்டரா? அது எடைமேடைடி."

"லாரி நிக்கறது எடைமேடை. ரூம்ல டிவி மாதிரி கீதே, அது இன்னா?"

"அதுக்கு நெட்டு ஒயரே கெடையாது. ஊர்ல எதுகூடவும் ஒட்டு இல்ல. அதுல எந்தத் திருடன் பூருவான்?"

"அப்ப எடைக் கணக்கு ஆபீசுக்கு எப்டி வருதுண்ணா?" என்று அக்கா கேட்டார்.

சுலோச்சனா முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவிக்கொத்தோடு கோத்திருந்த ஒரு பென் டிரைவை எடுத்துக் காட்டினார். தினமும் சாயங்காலம் அதில் ஏற்றிக் கொண்டுவந்து ஆபீஸ் மிஷினில் போடுவாராம்.

எடைமேடை அறை ஒரு ஆள் நிற்குமளவுதான். நாங்கள் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உள்ளே போனோம், கன்னியப்பன் ஜன்னலில் நின்றார். ஆபீசிலிருந்து நீளமான ஒயர் ஒன்றை இழுத்துவந்து மாட்டினார் அக்கா. ஓட்டை பார்க்கும் சிடியைப் போட்டதும் திரையில் வரிசையாகச் சிவப்பு. மேலிருந்து கீழே வரைக்கும் ஒரு பச்சை இல்லை. வாங்கிய நாளிலிருந்து யாரும் எதையும் அடைக்கவில்லை. பென் டிரைவைச் செருகினார். அதற்குள்ளும் ஒரு வைரஸ் குடியிருந்தது. தினமும் சாயங்காலம் நெல் எடையோடு சேர்ந்து அதுவும் ஆபீசுக்குப் போக வர இருந்திருக்கிறது.

கன்னியப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார்.

"எடைய மாத்திட்டிருக்குமாம்மா?"

"இத்தினி நாளு மாத்தலண்ணா. மாத்த நெனச்சா தொறந்துதான் கீது."

"எடை ஒரு தபா தப்புன்னு பேராச்சுன்னா, எந்த வெவசாயியும் இந்த கேட்டுக்குள்ள வண்டிய உட மாட்டான்." பிறகு, "இதுக்கும் அதே ரேட்டுதானே? மேல ஒண்ணும் ஏத்த மாட்டியே?" என்றார்.

"சொன்ன ரேட்டுதாண்ணா."

அக்கா ஏற்றப் போனபோது சுலோச்சனா கையைப் பிடித்து நிறுத்தினார். "இரும்மா, ஒரு நிமிஷம்." போய்ச் சந்தனக் கிண்ணத்தோடும் குங்குமத்தோடும் வந்தார். விட்டுப்போன மிஷினுக்கு அப்போதே பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினார். வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். சிடியைக் கையில் பிடித்தபடி அக்கா சுவரோரம் ஒதுங்கி நின்று காத்திருந்தார். கற்பூரம் அணைந்த பிறகு ஏற்றினார். சென்னையிலிருந்து பதில் வரக் கொஞ்ச நேரமானது. இருபத்தைந்து என்று திரையில் வந்ததும் அவர் கீழே இருந்த நெல்மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். திரும்பும் வழியில் ஸ்கூட்டியை நிறுத்தி, இரண்டு பேருக்கும் சர்பத் வாங்கினார்.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் பொட்டை எண்ணினார். பொட்டு இல்லாத மிஷின் எது என்றும் கேட்டார்.

இந்த வருஷம் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே எல்லாருக்கும் விலை சொல்லியிருந்தார். ஆயுத பூஜை அவர் இறந்த பிறகு வந்தது. அவருக்குப் பதிலாகப் பொட்டு எண்ண நான் பஸ்ஸில் போனேன். கன்னியப்பன் மில்லில் எடைமேடை அறைக்கு மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பூஜை நடந்தது. மூலையில் பூப்போட்ட துணிக்குக் கீழே அந்தப் பழைய மிஷினுக்கும் பொட்டு இருந்தது. அதை நான் எண்ணவில்லை.

கிளம்பும்போது கன்னியப்பன் வழக்கம்போல இரண்டு பொட்டலம் பொரி கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அமீனாம்மாகிட்ட குடுத்துர்றேண்ணா" என்று வாங்கிக்கொண்டேன்.

"ரேட்டு இன்னாம்மா இந்த வருசம்?" என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

கம்பெனி விலையை ஏற்றிவிட்டதாக முத்துகிருஷ்ணன் அந்த வாரம்தான் போனில் சொல்லியிருந்தார்.

"அக்கா சொன்ன ரேட்டுதாண்ணா" என்றேன்.