உப்புத் தோல்

மாட்டு வைத்தியராக ஜவ்வாது மலைக்கு மாற்றலாகி வந்த என் கணவர், வாணியம்பாடியிலிருந்து ஒரு செம்மறித் தோலை வாங்கி வந்து மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் கட்டினார். முடியோடு இருந்த தோல். பிள்ளை பெற்ற இடுப்போடு நான் அந்தக் கல் பாதையில் நோகாமல் உட்கார வேண்டுமாம். எனக்காக என்று சொல்லிவிட்ட பிறகு நான் எப்படி வாய் திறப்பது?

தோல் மண்டிக்காரர் அப்போதே எச்சரித்திருக்கிறார். பதனிடும்போது முடியை எடுத்துவிடுவார்களாம். முடியோடு வேண்டுமென்றால் உப்புத் தடவிக் காயவைத்த பச்சைத் தோல்தான் கிடைக்குமாம். வியாபாரிகள் இப்படித்தான் சாக்குச் சொல்வார்கள் என்று இவர் சிரித்தார். தோலைப் பற்றித் தோல்காரருக்கு என்ன தெரியும், பாவம்.

பக்கத்து வீட்டு மலைக்காரப் பெண் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தாள். "இன்னாம்மா, வண்டிக்குக் குளுருதா?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கணவரைப் பற்றிய கேலிக்குச் சிரிக்கலாமா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சு கர்கர் என்றது. மலையடிவாரத்து ஒடுகத்தூர் டாக்டரிடம் காட்டக் கிளம்பினோம். தோல் வேண்டாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். வழியில் அதன் அருமை தெரியும் என்றார்.

தெரிந்தது. பாதி வழியில் அவர் டீ குடிக்க நிறுத்தினார். நான் குழந்தையோடு நிழலில் நின்றேன். மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் ஒவ்வொன்றாக வந்து சீட்டை நக்கத் தொடங்கின. உப்பையே கண்டிராத மலை மாடுகள். மாட்டுக்கு உப்பு வையுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறவர், டம்ளரும் கையுமாக ஓடிவந்து விரட்டினார். தோல் முழுக்க எச்சில், கட்டிய கயிறும் தளர்ந்திருந்தது. துண்டால் துடைத்துக் கயிற்றை இழுத்து முடிந்துவிட்டு, "ஏறு" என்றார்.

ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இப்போதும் விளங்கவில்லை.

இறக்கத்தில் ஒரு வளைவு. தோல் என்னோடு சேர்ந்து நழுவியது. ஒரு கையால் குழந்தையை அணைத்து, மறு கையால் அவர் சட்டையைப் பிடித்தேன். சட்டை கிழிந்தது, வண்டி நின்றது. என் கால் தரையில் உராய்ந்திருந்தது. குழந்தை வீரிட்டு அழுதாள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"அத அவுத்துப் போடுங்க. அப்பத்தான் ஏறுவேன்."

"உனக்காகத்தானே வாங்கினேன்."

"எனக்காகன்னா அவுத்துடுங்க."

அவிழ்த்தார். எறிய மனம் வராமல் தன் சீட்டில் விரித்து உட்கார்ந்துகொண்டார். ஒடுகத்தூரில் டாக்டர் குழந்தையின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டு, வெறும் சளிதான், பயமில்லை என்று மருந்து கொடுத்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இவர் சுவரோரமாகவே நின்றார். கால்சட்டையின் பின்புறம் ஈரம், அதைச் சுற்றி ஈ.

திரும்பும்போது வெறும் சீட்டில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு கல்லும் இடுப்பில் ஏறியது. வலிக்கிறதா என்று கேட்டார்.

இல்லவே இல்லை என்றேன்.