மீனுக்கு வந்த வெள்ளைப்புள்ளி

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், அத்தா சவுதியிலிருந்து நாற்பது நாள் லீவில் வந்திருந்தார். அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். திரும்பிப் போவதற்கு முதல் நாள் என்னைக் கும்பகோணத்துக்கு அழைத்துப்போய் இரண்டு தங்கமீன்கள் வாங்கிக் கொடுத்தார். அவர் போன பிறகு, பாபநாசத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் அந்த மீன்களும்தான். நடவு முடிந்துவிட்டதால் எதிர் வயலில்கூட ஆள் நடமாட்டம் இல்லை. அம்மா எப்போதுமே குறைவாகத்தான் பேசுவாள். அந்த நாட்களில் அதுவும் நின்றுபோயிருந்தது. பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் நான் கண்ணாடித் தொட்டியின் முன் உட்கார்ந்து மீன்களிடம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

பத்தாவது நாள் ஒரு மீனின் வாலில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். மறுநாள் உடம்பு முழுக்க. அது தொட்டிக் கல்லில் உரசி உரசித் துடித்தது. நான் அழுத அழுகையில் அம்மா தன் தம்பிக்குப் போன் செய்தாள். மாமா கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துபவர். ஞாயிற்றுக்கிழமை வந்து, தொட்டியில் மூக்கு இடிக்கும்படி குனிந்து பார்த்தார்.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு உயிரு பாப்பா. ஒத்தை செல்லு. மீன் தோலுக்குள்ள தின்னு கொழுத்துட்டு, கீழ விழுந்து நூறு எரநூறா உடையும். அதுங்க நீந்திப் போயி மறுபடி மீனைத் தேடும்."

"கண்ணு இருக்கா மாமா?"

"கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. மீன் மேல வழவழன்னு இருக்குல்ல, அது தண்ணியில கரையும். அது பட்டாப் போதும், எந்தப் பக்கம் போவணும்னு தெரிஞ்சுக்கும்."

"மீனே இல்லன்னா?"

"ஒண்ணு ரெண்டு நாள் தேடிட்டுச் செத்துடும்."

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் வைத்தியமே அதுதான். தினமும் மீன்களைப் புதுத் தண்ணீர் நிறைந்த வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். பழைய தொட்டி, வலை எல்லாவற்றையும் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். "காயாத பொருள் எதுவும் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மாமா பஸ் ஏறினார்.

மூன்றாம் நாள் காலை புள்ளி வந்த மீன் மல்லாந்து மிதந்தது. கொல்லையில் புதைத்தேன். அம்மா கொல்லைப்படி வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். மிச்சமிருந்த மீனையாவது காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

தொட்டி துடைக்கத் துணி தேடி அம்மாவின் பீரோவைக் குடைந்தபோதுதான், புடவைகளுக்கு அடியில் அந்த பிளாஸ்டிக் பை கிடைத்தது. காற்றுப் புகாமல் இரண்டு முடிச்சு. உள்ளே அத்தாவின் நீலக்கட்டம் போட்ட சட்டை. மீன் வாங்கிவந்த அன்று போட்டிருந்தது. பஸ்ஸில் மீன் பை கசிந்து அவர் மேல் வழிந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. துவைக்கவில்லை, வெயில் காட்டவில்லை, காலர் ஓரத்தில் அழுக்கு அப்படியே. அம்மா மறந்துபோய் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

கிணற்றடியில் சோப்புப் போட்டுக் கும்மினேன். பிரஷ்ஷால் காலரைத் தேய்த்தேன். கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள். சட்டையைப் பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று கையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அடிக்கவில்லை.

"எத்தனை தண்ணில அலசுன?"

"மூணும்மா. இனிமே மீனுக்கு ஒண்ணும் வராது."

சொட்டச் சொட்ட இருந்த சட்டையை இரண்டு கையாலும் பிடித்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அதை முகத்திலிருந்து விலக்கவில்லை. அழுக்குப் போய்விட்டதா என்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நல்லா வாசனையா இருக்குல்லம்மா?"

"ம். சோப்பு வாசனை" என்றாள்.

அத்தா போனதிலிருந்து அம்மா என்னைப் பாராட்டியது அதுதான் முதல்முறை. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த தொட்டிக்குத் தண்ணீர் இறைக்க ஓடினேன்.